கிழங்கெடுப்பில் போன வேதியியல்

நொயெலா லவோய்க்கு இருபத்தொன்பதாவது வயதில் டாக்டருக்குப் படிக்கலாம் என்று தோன்றியது. தோன்றியது என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பதினெட்டு வயதிலேயே தோன்றியதுதான். நடுவில் பதினோரு வருஷம் அதைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை, அவ்வளவே.

அந்தப் பதினோரு வருஷத்தில் அவள் வரலாறு படித்துப் பட்டம் வாங்கினாள். ஊருக்குத் திரும்பி வந்து ஆம்புலன்சில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் செயின்ட் ஓடில், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தின் வடக்குக் கோடியில், ஆற்றங்கரையில் இருக்கிறது. அக்கரை கனடா. இக்கரையில் மாதா கோயில், பெட்ரோல் பங்க், ஆம்புலன்ஸ் கொட்டகை, மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் உருளைக்கிழங்கு. பக்கத்து ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிய பிறகு மூன்று குழந்தைகள் ஓடும் வண்டியிலேயே நொயெலாவின் கையில் பிறந்தன. அதனால்தான் அவளுக்கு டாக்டர் ஆசை வந்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவளைக் கேட்டால் காரணம் வேறு. எமர்ஜென்சி வாசலில் நோயாளியை ஒப்படைத்ததும் கதவு மூடிக்கொள்ளும். உள்ளே என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் வீடு திரும்புவது அவளுக்குச் சகிக்கவில்லை.

இந்த நாட்டில் மருத்துவக் கல்லூரிக்குப் போக முதலில் ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். அது வரலாறாக இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் வேதியியல், உயிரியல், இயற்பியல், கரிம வேதியியல் எல்லாவற்றையும் லேபோடு சேர்த்து முடித்திருக்க வேண்டும். நொயெலாவிடம் பட்டம் இருந்தது, லேப் இல்லை. ஆகவே மறுபடி எங்காவது ஒரு கல்லூரியில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு இரண்டு வருஷம் உட்கார வேண்டும். எந்தக் கல்லூரி என்பதுதான் கேள்வி. மூன்று கல்லூரிகளின் தாள்கள் ஆம்புலன்சின் முன்கண்ணாடிக்குக் கீழே குளிர்காலம் முழுக்கக் கிடந்து வெளுத்துப்போயின.

"டாக்டரம்மா, முடிவு பண்ணியாச்சா?" என்று தினமும் கேட்டார் ரோமியோ. அவளோடு ஏழு வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். ஐம்பத்திரண்டு வயது, மலைமாதிரி உடம்பு, முட்டி வலி. பெயரில் மட்டும்தான் ரோமியோ.

"இல்ல."

"நான் கல்யாணமே இதைவிட சீக்கிரமா முடிவு பண்ணினேன்."

"அதான் உங்க வீட்டுச் சண்டை டெய்லி கேக்குதே, தெருமுனை வரைக்கும்."

"அடிப்பாவி! சரி, இதுல யோசிக்க என்ன இருக்கு? இருபது மைல்ல ஒரு காலேஜ் இருக்கு. கெமிஸ்ட்ரின்னா எல்லா ஊர்லயும் கெமிஸ்ட்ரிதானே. தண்ணி பாஸ்டன்ல மட்டும் வேற மாதிரியா கொதிக்கும்?"

அவர் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. பக்கத்துக் கல்லூரி சின்னது. வேலையை விடாமல் படிக்கலாம், அப்பாவின் வயலுக்கும் கை கொடுக்கலாம். மூன்று மணி நேரம் தெற்கே மாநிலப் பல்கலைக்கழகம், அவள் வரலாறு படித்த இடம். மூன்றாவது பாஸ்டனில். பெரியவர்களான பிறகு மருத்துவத்துக்குத் திரும்புகிறவர்களுக்கென்றே ஒரே வருஷத்தில் எல்லாப் பாடங்களையும் புகட்டி அனுப்பும் பெரிய பெயர் பெற்ற இடம். இந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ள எட்டு மாதம் வேண்டுமா என்றால் வேண்டும்தான். மூன்று இடத்திலும் அவளுடைய பழைய மதிப்பெண் பட்டியலைக் கேட்டார்கள். அந்தப் பட்டியலின் முதல் வரியில் வேதியியலுக்கு நேரே ஒரு எஃப், அதாவது ஃபெயில், இருந்தது.

அந்த எஃப் வந்த கதையை எங்கள் ஊர்க்காரர்களிடம் சொன்னால் உச்சுக்கொட்டுவார்கள். வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

எங்கள் பக்கம் செப்டம்பர் மூன்றாவது வாரம் பள்ளிக்கூடத்துக்கு லீவு. கிழங்கெடுப்பு லீவு. மூன்று வாரம் வாத்தியார் முதல் மாணவன் வரை எல்லாரும் வயலில்தான். தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான், கிறிஸ்துமஸுக்கு லீவு விடுவது மாதிரி. நொயெலாவின் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். சேர்ந்து மூன்று வாரம் ஆனபோது அவள் அப்பா ரெயால் போன் செய்தார். "செவ்வாக்கிழமை ஆரம்பிக்கிறோம். எப்ப வர்றே?" என்றார். "திங்கக்கிழமை வந்துடறேன் பப்பா" என்றாள். கல்லூரிக்குக் கிழங்கெடுப்பு லீவு கிடையாது என்பது இருவருக்குமே தோன்றவில்லை. சூரியன் கிழக்கே உதிக்குமா என்று யாராவது விசாரித்துப் பார்ப்பார்களா?

அறைத்தோழி தென்பக்கத்துப் பெண். நொயெலா மூட்டை கட்டுவதைப் பார்த்து வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாளாம். நொயெலா அதைத் தெற்கத்திப் பாசம் என்று எடுத்துக்கொண்டாள். மூன்று வாரம் கிழங்கைத் தோண்டியெடுக்கும் ஹார்வெஸ்டரின் மேல் நின்று, பெல்ட்டில் ஓடிவரும் கிழங்குகளுக்கு நடுவே கல்லும் கொடியும் பொறுக்கிப் போட்டாள். திரும்பி வந்தபோது வகுப்பறை நிரம்பி வழிந்தது, அவளைத் தவிர யாரும் லீவில் போயிருக்கவில்லை. ஒரு தேர்வு முடிந்திருந்தது. மூன்று லேப் போயிருந்தன. மூன்று லேப் தவறினால் தானாகவே எஃப். பாடத்திலிருந்து விலகிக்கொள்ளும் கடைசித் தேதியும் அவள் கல் பொறுக்கிக்கொண்டிருந்த நாளில் கடந்துபோயிருந்தது.

மற்ற பாடங்களைக் கெஞ்சிக் கூத்தாடி மீட்டுவிட்டாள். வேதியியலை மீட்க முடியவில்லை. விஞ்ஞானமே தனக்கு வராது என்று வரலாற்றுக்கு மாறினாள். வீட்டில் கேட்டபோது, "லேப் வாசனை ஒத்துக்கல பப்பா" என்றாள். அவர் அதை அப்படியே நம்பி ஊரெல்லாம் சொன்னார். உண்மையைச் சொல்லியிருந்தால் தன் போன்தான் மகளைக் கவிழ்த்தது என்று அவருக்குத் தெரிந்துபோகும். அதை அவர் தாங்குவாரா என்பது அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பயத்தில் மென்று முழுங்கினாள், பதினோரு வருஷம்.

மார்ச்சில் பாஸ்டன்காரர்கள் கணினியில் நேர்காணல் வைத்தார்கள். ஆஸ்லின் என்ற நல்ல பெண்மணி, சாம்பல் நிறக் கோட்டு, பின்னால் அலமாரி நிறையப் புத்தகம். நொயெலா ரேடியோவையும் ரோமியோவையும் அடக்கி வைத்துவிட்டு ஆம்புலன்ஸ் கொட்டகையின் சமையலறையில் உட்கார்ந்து பேசினாள். ஆம்புலன்ஸ் அனுபவம் பற்றி அந்தம்மா வாய் பிளந்து கேட்டார். பிறகு பட்டியலைப் பார்த்தார்.

"முதல் வருஷம் கெமிஸ்ட்ரியில ஏதோ நடந்திருக்கே?"

"கிழங்கெடுப்புங்க."

"மன்னிக்கணும், எது?"

நொயெலா விளக்கினாள். அந்தம்மா தலையைத் தலையை ஆட்டிக் கேட்டார். முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. அதைப் பார்க்கப் பார்க்க நொயெலாவுக்கு எரிச்சலும் கூடிக்கொண்டே போனது.

"பாவம், சின்ன வயசுல உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்! பொதுவா சயின்ஸ் ஏற்கனவே எடுத்தவங்களை நாங்க சேர்க்கிறதில்ல. ஆனா குடும்பக் கஷ்டம்னா விதிவிலக்கு உண்டு. படிப்பை நிறுத்த வேண்டிய நிலைமை இருந்துச்சுன்னு உங்க அப்பா ஒரு கடிதம் குடுத்தாப் போதும்."

"கஷ்டமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எங்க வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருந்தோம். கிழங்கு எடுத்தோம். அந்த வருஷம் நல்ல விளைச்சல்கூட."

"புரியுது. ஆனா கடிதத்துல கஷ்டம்னு இருந்தா எங்களுக்கு உதவியா இருக்கும்."

நொயெலா நன்றி சொல்லி முடித்தாள். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ரோமியோ எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டிருந்தார். "ஒரு கடுதாசிதானே, எழுதி வாங்கிட வேண்டியதுதானே?" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பி போடப் போனார். எஃப் விஷயம் அன்றைக்குத்தான் அவருக்கே தெரியும். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று தன் முட்டிமேல் சத்தியம் செய்தார். பாஸ்டன் தாள் குப்பைக்கூடைக்குப் போனது. கஷ்டப்பட்ட குடும்பம் என்று பப்பா கையால் எழுதி வாங்குவதைவிட டாக்டர் ஆகாமலே இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஏப்ரலில் பக்கத்துக் கல்லூரிக்குப் போனாள். அங்கே ஆலோசகர் டோரீன் ப்லூர்ட், எங்கள் மாதா கோயிலில் பாடுகிறவர். பட்டியலை வாங்கினார், கண்ணாடியை இறக்கினார், எஃப்பைப் பார்த்தார், அதற்கு மேல் முதல் பருவம், செப்டம்பர் என்றிருந்ததைப் பார்த்தார்.

"அடடா, எடுப்புக்கு வந்துட்டியா?"

இத்தனை வருஷத்தில் ஒரே பார்வையில் கண்டுபிடித்த முதல் ஆள். நொயெலா தலையை மட்டும் ஆட்டினாள்.

"என் அக்கா பையனும் இப்படித்தான் போய் மாட்டிக்கிட்டான். சரி விடு, இங்க யாரும் அதைப் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க. எங்களுக்கும் லீவு கிடையாது. ஆனா செப்டம்பர்ல பாதி கிளாஸ் காணாமப் போனா வாத்தியார் கண்டுக்க மாட்டார். லேபைப் பின்னாடி செஞ்சுக்கலாம்."

"கரிம வேதியியல்?"

"அது ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான். எட்டுப் பேர் சேர்ந்தாத்தான் நடக்கும். போன தடவை அஞ்சு பேர். அடுத்த தடவை சேர்ந்துடும்னு நினைக்கிறேன்."

நினைக்கிறேன் என்பதில் ஒரு ஓட்டை இருந்தது. எட்டுப் பேர் சேராவிட்டால் அவள் இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். இருந்தாலும் பாதி கிளாஸ் காணாமல் போகும் இடம் என்று கேட்டதும் அவளுக்குத் தன் வீட்டு அடுப்படிக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. விண்ணப்பத்தைக் கையோடு நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அனுப்பத்தான் இல்லை.

டோரீன் கெட்ட எண்ணம் உள்ளவர் அல்ல. ஆனால் அவர் வாய் பூட்டில்லாத வாசல். ஞாயிறு பூசை முடிந்து கீழ்த்தளத்தில் எல்லாரும் ப்லோய்க்கு வரிசையில் நின்றபோது — ப்லோய் என்பது எங்கள் ஊர்த் தோசை, திருப்பிப் போடாமல் ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பது — டோரீன் ரெயாலின் முதுகைத் தட்டி, "எடுப்புல போன கெமிஸ்ட்ரியை உன் பொண்ணு எங்ககிட்ட ஜம்முனு முடிச்சிடும், கவலப்படாதே" என்றார். ரெயால் சிரித்து வைத்தார். 

மறுவாரம் விதைக்கிழங்கு வெட்டும் வேலை. மண்ணுக்குள் பாதி புதைந்த கிழங்குக் கிட்டங்கியில் அப்பாவும் மகளும் எதிரெதிரே நின்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு துண்டுக்கு முளைவிடும் கண் இரண்டாவது இருக்க வேண்டும். ரெயால் கண்ணில்லாத துண்டாக வெட்டித் தள்ளுவதை நொயெலா கவனித்தாள். நாற்பது வருஷம் வெட்டிய கை.

"பப்பா, என்ன பண்றீங்க?"

அவர் கத்தியை வைத்தார்.

"எடுப்புல போன கெமிஸ்ட்ரின்னா என்ன?"

இனி மறைக்க வழியில்லை. அவள் சொன்னாள். மூட்டை கட்டியது, மூன்று லேப், கடைசித் தேதி எல்லாம் சொன்னாள். சுருக்கமாக, ஆம்புலன்சில் நோயாளியைப் பற்றி ரேடியோவில் சொல்லும் குரலிலேயே சொன்னாள். 

"நான்தான் போன் பண்ணினேன்" என்றார் ரெயால்.

"நானும்தான் வரேன்னு சொன்னேன். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"அப்பன் தெரிஞ்சு வெச்சிருக்கணும்."

"எப்படித் தெரியும்? நீங்க எட்டாவதோட நிறுத்திட்டீங்க."

"அதைச் சொல்லிக் காட்டாதே."

"சொல்லிக் காட்டல பப்பா."

"லேப் வாசனை ஒத்துக்கலேன்னு ஊர் முழுக்கச் சொன்னேன். எம்பொண்ணுக்கு மூக்கு ரொம்ப நுணுக்கம்னு பெருமையா வேற." அவர் குரல் உடைந்தது. "பன்னிக் கொட்டில்ல பொறந்து வளர்ந்தவளுக்கு என்னடா மூக்குன்னு ஒருத்தன்கூட என்னைக் கேக்கலியே!"

நொயெலா சிரித்துவிட்டாள், கண்ணில் நீரோடு. அவரும் சிரித்தார். அவருக்கு வெட்கம், அவளுக்கு வெட்கம், இருவருக்கும் ஒரு பாரம் இறங்கிய நிம்மதி. கொஞ்ச நேரம் மறுபடி வெட்டினார்கள். பிறகு ரெயால் தலை நிமிராமலே சொன்னார்.

"டோரீன் காலேஜுக்குப் போகாதே."

"ஏன்? அங்கதான் வசதி. எடுப்புக்கும் வரலாம்."

"அதான் சொல்றேன். இருபது மைல்ல இருந்தா நீ வந்துடுவே. மேகம் கறுத்தா உன் கை சும்மா இருக்காது. என் வாயும் சும்மா இருக்காது. எனக்கு என்னைத் தெரியும்."

"எந்தக் காலேஜுன்னு நான்தான் பப்பா முடிவு பண்ணணும்."

"பண்ணு. யாரு வேணாம்னா? நான் என் அபிப்பிராயத்தைச் சொன்னேன்."

அவர் சொன்னதற்காகப் பக்கத்துக் கல்லூரியை விடக் கூடாது என்று ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தாள். லவோய் வீட்டு ஆட்களுக்குப் பிடிவாதம் அரைப்படி அதிகம். பிறகு ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் தெற்கே பல்கலைக்கழகத்துக்குப் போனாள்.

வேதியியல் துறை அதே செங்கல் கட்டடம். அங்கிருந்த ஆலோசகர் சின்னப் பையன் மாதிரி இருந்தாலும் விஷயம் தெரிந்தவர். சுற்றி வளைக்கவில்லை. "இந்த எஃப் அழியாது. நாங்க மாத்திக் கணக்குப் பண்ணினாலும் மருத்துவக் கல்லூரிக்காரங்க ரெண்டையும் பார்ப்பாங்க. அதே பாடம், அதே எண், அதே இடம். அந்த எஃப்புக்குப் பக்கத்துலயே நல்ல கிரேடு வாங்கிக் காட்டுறதுதான் ஒரே பதில். வேற எங்க எடுத்தாலும் சுலபமான இடத்துக்குப் போயிட்டாங்கன்னு ஒருத்தராவது நினைப்பார். நினைக்கிறது நியாயமில்ல, ஆனா நினைப்பார்." கரிம வேதியியல் வருஷா வருஷம் உண்டு. இடம் கிடைக்கும். லேப் மூன்று தவறினால் எஃப் என்ற சட்டம் இன்னும் அப்படியே இருந்தது.

வெளியே வந்து அந்தப் பெரிய வகுப்பறையின் கதவைத் தள்ளிப் பார்த்தாள். காலியாக இருந்தது. பதினெட்டு வயதில் திரும்பி வந்த அன்றைக்கு எந்த வரிசையில் உட்கார்ந்தோம் என்று தேடினாள், நினைவில்லை. இங்கே வேதியியலை விட்டு ஓடிப்போனவள் என்று யாருக்கும் தெரியாது, தனக்கு மட்டும்தான் தெரியும். அதைத் தீர்க்காமல் வேறெங்கு போய்ப் படித்தாலும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. பப்பா சொன்னதும் உண்மைதான். இருபது மைலில் இருந்தால் வந்துவிடுவாள். அவர் கூப்பிடக்கூட வேண்டாம்.

வீடு திரும்பி, டோரீனுக்கு எழுதிய விண்ணப்பத்தைக் கிழித்தாள். "தெக்கேதான் போறேன். நீங்க சொன்னதுக்காக இல்ல" என்று அப்பாவிடம் சொன்னாள். "நான் என்ன சொன்னேன்?" என்றார் அவர்.

ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கியது. பக்கத்து இருக்கைப் பிள்ளைகள் அவளை முதலில் லேப் உதவியாளர் என்று நினைத்தார்கள். பிறகு அக்கா மாதிரி ஆகிவிட்டாள். மாதம் இரண்டு சனிக்கிழமை ஊருக்கு வந்து ஆம்புலன்சில் வேலை பார்த்தாள். முதல் தேர்வு செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்று அட்டவணை வந்தது. சரியாக எடுப்பின் நடுவில். அவள் சிரித்துக்கொண்டாள். ஹார்வெஸ்டரில் அவள் நிற்கும் இடத்துக்கு இந்த வருஷம் ரோமியோ வந்திருந்தார், ஆம்புலன்சுக்கு லீவு போட்டுவிட்டு, முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு.

புதன்கிழமை மாலை ரோமியோ போன் செய்தார்.

"எப்படி இருக்கீங்க? கல் பொறுக்கத் தெரியுதா?"

"கல்லா? உங்க அப்பா வயல்ல கிழங்கைத்தான் தேட வேண்டியிருக்கு." மூச்சு வாங்கினார். வழக்கமான வாயாட்டம் இல்லை. "நொயெலா, சொல்லக் கூடாதுன்னு உங்க அப்பா சொல்லியிருக்கார்."

"அப்ப சொல்லாதீங்க."

"நாளைக்கு ராத்திரி கடும் உறைபனின்னு ரேடியோல சொல்றான். இன்னும் பதினெட்டு ஏக்கர் மண்ணுக்குள்ள இருக்கு. ரெண்டு ஆளு காய்ச்சல்னு வரல. பெல்ட்டுல நானும் இன்னொருத்தரும்தான். பாதி கல்லு கிட்டங்கிக்குள்ள போகுது. நான் சொல்லலே, சரியா?"

மண்ணில் உறைந்த கிழங்கு அழுகிப்போகும். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர்வுக்குப் படித்த சமன்பாடுகள் எல்லாம் கண் முன்னால் ஓடும் பெல்ட்டாக மாறின. காலையில் எழுந்து குளித்தாள், பென்சில் சீவினாள், கால்குலேட்டரை எடுத்துவைத்தாள். காரில் ஏறிக் கல்லூரிப் பக்கம் திரும்ப வேண்டிய முனையில் திரும்பாமல் நெடுஞ்சாலையில் ஏறினாள். வடக்கே போகும் சாலை. முடிவு செய்துதான் ஏறினாள் என்று சொல்ல முடியாது. கை தானாக வண்டியை ஏற்றிவிட்டது.

பத்து மைல் போனதும் போன் அடித்தது. பப்பா. சாலை ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தினாள். மணி எட்டு முப்பத்தைந்து.

"எங்க இருக்கே?" என்றார்.

பொய் சொல்லலாம்தான். லேப் வாசனை மாதிரி இன்னொன்று. பதினோரு வருஷம் சுமந்தது போதும் என்று இருந்தது.

"ரோட்டுல."

"எந்தப் பக்கம் பாத்து?"

"உங்க பக்கம்."

மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் அவள் காதில் உறைத்தது. ஹார்வெஸ்டரின் உறுமல் கேட்கவில்லை. வெயிலடிக்கும் காலை, ராத்திரி பனி, பதினெட்டு ஏக்கர் பாக்கி, அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். மகள் பிறந்த அன்றைக்குக்கூட நிறுத்தாதவர் என்று நொயெலாவின் அம்மா சொல்லிக் காட்டுவார்.

"அந்தத் தடியன் இப்பத்தான் ஒத்துக்கிட்டான், உன்கிட்ட உளறிட்டேன்னு. வண்டியைத் திருப்பு."

"பப்பா, பதினெட்டு ஏக்கர்..."

"எடுத்த வரைக்கும் எடுப்போம். மிச்சம் போனாப் போகுது. அடுத்த வருஷமும் மண்ணு இங்கேயேதான் இருக்கும். திருப்பு."

"மெஷினை ஏன் நிறுத்தினீங்க? முதல்ல அதைக் கிளப்புங்க!"

"நீ போய்ச் சேரு, நான் கிளப்பறேன்."

"இதென்ன பிடிவாதம்? பனி வருது!"

"பரீட்சையும் வருது. அன்னிக்கு ஒரு போன் பண்ணி உன்னை இழுத்துட்டு வந்தேன். இது அதுக்கு மாத்துப் போன்னு வெச்சுக்க. நீ அங்க வண்டியை நிறுத்துற சத்தம் கேட்டாத்தான் இங்க மெஷின் ஓடும். லேட் பண்ணப் பண்ண எனக்குத்தான் நஷ்டம். யோசிச்சுக்க."

பின்னாலிருந்து ரோமியோவின் குரல். "சீக்கிரம் திருப்பும்மா! மனுஷன் சாவியைப் பையில போட்டுக்கிட்டார்!"

நெடுஞ்சாலையை விட்டு அடுத்த வெளிவழியில் இறங்கி வண்டியைத் திருப்பினாள். போன் பக்கத்து இருக்கையில் கிடந்தது. இணைப்பை இருவரும் துண்டிக்கவில்லை. வயலில் காற்று அடிப்பது கேட்டது, யாரோ இருமுவது கேட்டது. பத்து மைலும் அவளுக்கு அழுகை வந்துகொண்டே இருந்தது, துக்கம் இல்லை. நாற்பது வருஷமாக ஒரு நிமிஷம் வீணாக்காத மனிதர் தனக்காக ஒரு வயலையே நிறுத்திவைத்துக்கொண்டு நிற்கிறார். அதைத் தாங்க முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. வேக அளவைப் பற்றி அன்றைக்கு அவள் கவலைப்படவில்லை.

செங்கல் கட்டடத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தபோது ஒன்பது மணிக்கு மூன்று நிமிஷம் இருந்தது. சாவியைத் திருகினாள். கார் அடங்கியது.

"நிறுத்திட்டேன் பப்பா."

"கேட்டுச்சு."

 பத்து விநாடி கழித்து இருநூறு மைலுக்கு அப்பால் ஹார்வெஸ்டர் ஒரு தரம் கனைத்து, பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அந்த இரைச்சலில் இனி எதுவும் பேசிப் பயனில்லை. நொயெலா போனை அணைத்தாள், பென்சிலை எடுத்துக்கொண்டு படியேறி ஓடினாள்.